ஊர் சுற்றி கேள்வி–பதில்: எரிமலைச் சரிவில் ஒரு பிஸ்தா ஊர்

போன மாதம் இந்தப் பக்கத்தில், இத்தாலியின் சிசிலித் தீவில், எட்னா எரிமலைச் சரிவில் இருக்கும் ப்ரோன்ட்டே என்ற சின்ன ஊரில் ஒன்பது நாள் இருந்துவிட்டு வந்த கதையை எழுதியிருந்தேன். 43 கடிதம் வந்திருக்கிறது. முப்பத்தொரு வருஷம் தபால் ஆபீஸில் உட்கார்ந்து அடுத்தவர் கடிதத்துக்கு முத்திரை குத்தினவள் நான். என் பேருக்கே இப்படி ஒரு கட்டு வந்து இறங்கினால் சந்தோஷத்துக்குக் கேட்கவா வேண்டும்! ஒரே கேள்வியைப் பத்துப் பேர் கேட்டிருந்தால் ஒருவருடையதை மட்டும் எடுத்திருக்கிறேன். மற்றவர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: எரிமலை மேலேயே வீட்டைக் கட்டிக்கொண்டு அந்த ஜனங்கள் எப்படித்தான் தூங்குகிறார்கள்? உங்களுக்கு பயமாக இல்லையா? (வாசகி, ஈரோடு)

முதல் ராத்திரி நான் தூங்கவில்லைதான். ஆனால் அதற்குக் காரணம் எரிமலை இல்லை, எதிர்வீட்டு டி.வி.

உச்சியிலுள்ள வாய்களிலிருந்து ஊர் நேர்கோட்டில் 15 கிலோமீட்டர் வாக்கில் தள்ளி இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து 760 மீட்டர் உயரம். மலை 3,300 மீட்டருக்கும் மேல். சரியாக எவ்வளவு என்று கேட்டால் எந்த வருஷத்துக் கணக்கு என்று திருப்பிக் கேட்பார்கள். வெடித்தால் கொஞ்சம் வளரும், இடிந்தால் கொஞ்சம் குறையும்.

அங்கே யாரும் "எட்னா" என்று சொல்லி நான் கேட்கவில்லை. "ஆ முந்தாஞ்ஞா" என்பார்கள். மலை என்று அர்த்தம், அதுவும் பெண்பால். "இன்றைக்கு அவள் அமைதி" என்பார் நான் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மா. 78 வயது. காலையில் துணி காயப்போடுவதற்கு முன்னால் அடுப்படி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, உச்சியிலிருந்து வரும் வெள்ளைப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று கவனிப்பார். கிழக்கே சாய்ந்தால் துணி மாடிக்குப் போகும். நம் பக்கம் சாய்ந்தால் உள்ளே கொடிதான். மலையைப் பற்றிய பயம் அந்த அம்மாவிடம் இவ்வளவு தூரம்தான் நான் பார்த்தது.

மோன்ஜிபெல்லோ என்று ஒரு பழைய பெயரும் உண்டு. லத்தீனில் மோன்ஸ் என்றால் மலை, அரபியில் ஜபல் என்றாலும் மலை. இரண்டையும் ஒட்டி மலைமலை ஆக்கிவிட்டார்கள். நாம் "நடு சென்டர்", "கேட்டு வாசல்" என்று சொல்வதில்லையா, அந்த மாதிரி.

காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து அடிக்கும். அதனால் சாம்பல் கொட்டுவதெல்லாம் கிழக்குப் பக்க ஊர்களில். 2021-இல் மலை ஐம்பது தடவைக்கு மேல் பொங்கியபோது ஜாஃபெரானா, மீலோ பக்கத்து ஜனங்கள் கூரையிலும் தெருவிலும் கிடந்ததை மூட்டை மூட்டையாக வாரினார்கள். சாம்பல் என்றதும் விபூதி மாதிரி மிருதுவாக நினைத்துவிடாதீர்கள். கறுப்பு ரவை அது. ரோட்டில் கிடந்தால் இரண்டு சக்கர வண்டி சறுக்கிவிடும் என்று அந்த நாட்களில் ஸ்கூட்டருக்கே தடை போடுவார்கள்.

ப்ரோன்ட்டே இருப்பது மேற்குச் சரிவில். சாம்பல் குறைவு, ஆனால் எரிமலைக் குழம்பு வந்திருக்கிறது. 1832-இல் ஊரை நெருங்கி வந்து நின்றது. 1843-இல் மறுபடி வந்தபோதுதான் பெரிய துக்கம். ஊரைத் தொடாமல் பக்கத்தில் ஒதுங்கித்தான் போனது. வேடிக்கை பார்க்கவும், குழம்பு எரிப்பதற்குள் தங்கள் மரங்களை வெட்டி எடுத்துக்கொள்ளவும் ஜனங்கள் கிட்டே போய் நின்றார்கள். நவம்பர் 25 அன்று குழம்பு ஈரநிலத்தின் மேல் ஏறியது. அடியில் இருந்த தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகி வெடித்தது. நின்றவர்களில் பலர் செத்துப்போனார்கள். வீட்டுக்கார அம்மா இதைச் சொல்லிவிட்டு, "மலை மெதுவாகத்தான் வந்தாள், அவர்கள்தான் கிட்டே போனார்கள்" என்றார்.

எட்னாக் குழம்பு பொதுவாக மெதுவாக வரும், நடந்தே தப்பிக்கலாம். ஆளை விட்டுவிடும், நிலத்தை விடாது. 1928-இல் கிழக்கே மஸ்காலி என்ற ஊர் இரண்டு நாளில் அடியோடு போயிற்று. ஜனங்கள் சாமான் செட்டோடு முன்னாலேயே கிளம்பிவிட்டார்கள்.

கேள்வி: 2025 ஜூன் 2-ஆம் தேதி எட்னாவில் பெரிய புகை மண்டலம் கிளம்பி, டூரிஸ்டுகள் சரிவில் ஓடிவந்த வீடியோவைப் பார்த்தோம். அதற்குப் பிறகும் போனீர்களே! உச்சிக்கு ஏறினீர்களா? (கல்லூரி மாணவர், நாகர்கோவில்)

போனது அதே வருஷம் செப்டம்பரில். அந்த வீடியோவை என் அக்கா எனக்கு ஆறு தடவை அனுப்பினாள். தென்கிழக்கு வாயின் விளிம்பு ஒரு பக்கம் சரிந்து, சூடான சாம்பலும் கல்லும் சரிவில் இறங்கியதுதான் அது. யாருக்கும் அடிபடவில்லை. மலையை இரவும் பகலும் கவனிக்க, அடிவாரத்துப் பெரிய நகரமான கத்தானியாவில் எரிமலை ஆய்வு மையமே இருக்கிறது. நிலைமையைப் பார்த்து, இத்தனை மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று தடை போடுவார்கள். அந்தத் தடையைத் தாண்டிப் போகிறவர்களுக்காக நான் பேச மாட்டேன்.

உச்சிக்கு ஏறவில்லை தம்பி. எனக்கு முழங்கால் வலி. உனக்கு வயசு இருக்கிறது, ஏறு. தெற்குப் பக்கம் 1,910 மீட்டரில் ரிஃபூஜியோ சாப்பியென்ட்சா என்ற இடம்வரை பஸ், அங்கிருந்து 2,500 மீட்டர்வரை ரோப் கார். அதற்கு மேலே உச்சி வாய்களுக்கு வழிகாட்டியோடுதான் போக வேண்டும். ஷூ மட்டும் நல்லதாக வாங்கிக்கொள். அங்கே தரை செருப்பைத் தின்றுவிடும். என் பழைய கேன்வாஸ் ஷூவின் அடிப்பாகம் ஐந்தாம் நாளே வாயைப் பிளந்தது, அதுவும் ஊருக்குள் நடந்ததற்கே.

ஒன்பது நாளில் நான் நெருப்பைப் பார்க்கவே இல்லை. பார்த்ததெல்லாம் புகையும் கறுப்புக் கல்லும்தான்.

கேள்வி: எப்படிப் போவது? விசா, ரயில், பஸ் விவரம் தேவை. (ஓய்வுபெற்ற ஆசிரியர், சேலம்)

இத்தாலிக்கான ஷெங்கன் விசா போதும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. நான் வளைகுடா வழியாக ரோம், அங்கிருந்து கத்தானியா என்று போனேன். மலை பொங்கினால் கத்தானியா விமான நிலையத்தை மூடிவிடுவதுண்டு. அதனால் திரும்பும் டிக்கெட்டை வீட்டில் கல்யாணம், காதுகுத்து இருக்கிற தேதிக்கு ஒட்டிப் போடாதீர்கள்.

கத்தானியாவிலிருந்து ப்ரோன்ட்டேக்கு சிர்கும்எத்னேயா ரயில். எட்னாவை முக்கால் வட்டம் சுற்றிக்கொண்டு மறுபக்கம் ரிப்போஸ்தோ கடற்கரையில் போய் இறங்குகிற அகலம் குறைந்த தண்டவாளப் பாதை, 110 கிலோமீட்டர். 1895 முதல் ஓடுகிறது. ஒன்று அல்லது இரண்டு பெட்டி டீசல் வண்டிதான். கத்தானியா பக்கம் மெட்ரோ வேலை நடப்பதால் கொஞ்ச தூரம் பஸ்ஸில் கொண்டுபோய் ரயிலில் ஏற்றிவிடுகிறார்கள். கிளம்பும் முன் கேட்டுக்கொள்வது நல்லது. பஸ் டிக்கெட்டை ஏறிய பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். வெள்ளை "டி" எழுத்துப் பலகை மாட்டிய புகையிலைக் கடையில் முன்கூட்டியே வாங்க வேண்டும். அதே கடையில் தபால்தலையும் கிடைக்கும். இது தெரியாமல் முதல் நாள் தபால்தலைக்காக ஊரைச் சுற்றியவள், முப்பத்தொரு வருஷ சர்வீஸ்காரி.

இன்னொன்று. இந்த ரயில் ஞாயிற்றுக்கிழமை ஓடாது. என்னிடம் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஞாயிறு காலை எட்டு மணிக்கு, பக்கத்து ஊர் ரண்டாட்சோவுக்குப் போகலாம் என்று பொடி தடவிய பிரட்டைக் கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனால், கதவில் பூட்டு. நாயோடு நடந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் என்னையும் பூட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு "தொமேனிகா!" என்றார். ஞாயிற்றுக்கிழமை. அப்புறம் இரண்டு உள்ளங்கைகளையும் தூசி தட்டுவதுபோல் தட்டிக்காட்டினார். அதற்கு மேல் மொழிபெயர்ப்பு எதற்கு? சர்ச் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து அந்த பிரட்டைச் சாப்பிட்டபடி, கிழவர்கள் சீட்டாடுவதைப் பதினொரு மணிவரை பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒருவர் கள்ளாட்டம் ஆடினார். எனக்குத் தெரிந்தது, மற்ற மூவருக்கும் தெரிந்ததா என்று தெரியவில்லை.

திங்கள்கிழமை போனேன். இடது பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்தால் பள்ளத்தாக்கு, வலது பக்கம் உட்கார்ந்தால் மலை. வலது பக்கம் உட்காருங்கள். ப்ரோன்ட்டேயைத் தாண்டியதும் ரயில் "ஷாரா"வுக்குள் நுழையும். ஆறிப்போன குழம்புக் காட்டுக்கு அங்கே அதுதான் பெயர். உழுத வயலை அப்படியே கருக்கிக் கல்லாக்கின மாதிரி. முதலில் சாம்பல் நிறப் பாசி பிடிக்கிறது, அப்புறம் மஞ்சள் பூப்பூக்கிற புதர், அதற்குப் பிறகுதான் மரம். பாசிக்கும் மரத்துக்கும் நடுவே சில நூறு வருஷம்.

ரண்டாட்சோவில் சர்ச், வளைவு, வாசல்படி எல்லாம் கறுப்புக் கல். மூன்று பழைய சர்ச்சுகள். ஒரு காலத்தில் ஊரில் லத்தீன், கிரேக்க, லொம்பார்து (வட இத்தாலியிலிருந்து வந்தவர்கள்) என்று மூன்று கூட்டம். எந்த சர்ச் தலைமை என்ற சண்டை தீராமல், முறை வைத்து மாற்றிக்கொண்டார்களாம். கோயில் முதல் மரியாதைச் சண்டை பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1943 கோடையில் நேச நாட்டு விமானங்கள் இந்த ஊரின் பெரும்பகுதியை இடித்துத் தரைமட்டமாக்கின. 1981 மார்ச்சில் குழம்பு ஊருக்குப் பக்கத்தில் ரயில் பாதையையும் ரோட்டையும் மூடிக்கொண்டு ஆற்றை நோக்கி இறங்கியது. ஊர் தப்பியது. மனுஷன் போட்ட குண்டு செய்த சேதத்தை மலை செய்யவில்லை.

கேள்வி: பிஸ்தா எரிமலையில் விளைகிறது என்று எழுதியிருந்தீர்கள். கல்லில் எப்படி ஐயா மரம் வரும்? கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள். (விவசாயி, மயிலாடுதுறைப் பக்கம்)

ஐயா இல்லை, அம்மா. பரவாயில்லை. இந்தக் கேள்விக்காகத்தான் இந்த மாதம் பக்கத்தையே கூடுதலாகக் கேட்டு வாங்கினேன்.

பிஸ்தாவை நேராக நட்டால் அந்தக் கல்லில் வராது. டெரெபிந்த் என்று ஒரு காட்டுமரம், பிஸ்தாவுக்குப் பங்காளி முறை. குழம்புக் கல் வெடிப்புக்குள் வேரை விட்டு, கல்லையே பிளந்துகொண்டு வளரும். அது தானாக முளைத்து நிற்கிற இடத்திலேயே அதன் மேல் பிஸ்தாவை ஒட்டுக்கட்டுகிறார்கள். அதனால் தோப்பில் வரிசை கிடையாது. காட்டுமரம் எங்கே முளைத்ததோ அங்கேதான் பிஸ்தா. டிராக்டர் நுழையாது, ஏர் ஓடாது. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு, காற்றுதான் தரகர். ஆண் மரம் பக்கத்தில் இல்லாவிட்டால் காய் உள்ளீடற்றுப் போய்விடும்.

ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம்தான் அறுப்பு. ஒற்றைப்படை வருஷம் காய், இரட்டைப்படை வருஷம் ஓய்வு. ஓய்வு வருஷத்தில் வருகிற மொட்டையும் கையாலேயே கிள்ளிப் போட்டுவிடுகிறார்கள். மரம் சேர்த்து வைக்கட்டும் என்று. நான் போனது 2025, காய் வருஷம்.

வீட்டுக்கார அம்மாவின் தம்பி தோப்புக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். அறுப்புக்காலத்தில் ஊரில் சொந்தபந்தம் எல்லாம் தோப்பில்தான். கழுத்தில் ஒரு துணியைத் தூளி மாதிரிக் கட்டிக்கொள்ள வேண்டும். ஒரு கையால் கிளையை வளைத்துப் பிடித்து, இன்னொரு கையால் கொத்தை உருவித் தூளிக்குள் விட வேண்டும். சொல்ல சுலபம். நிற்கிற கல் ஒவ்வொன்றும் ஆடும். ஆடாத கல் கிழிக்கும். கறுப்புக் கல்லில் பத்து மணி வெயில் ஏறினால் கீழிருந்தும் சுடும். மேலே சூரியன், கீழே அடுப்பு. கொத்து பார்க்க இளஞ்சிவப்பாக, கொஞ்சம் மஞ்சள் படிந்து, சின்னத் திராட்சை மாதிரி இருக்கிறது. உருவினால் பிசின். டர்பன்டைன் வாசனை. கையுறை வேண்டாம் என்று ஜம்பமாகச் சொன்னதற்கு, இரண்டு மணி நேரத்தில் என் விரல் பத்தும் கறுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. சோப்புக்கு மசியவில்லை. கடைசியில் ஆலிவ் எண்ணெய் தடவித் துணியால் துடைத்துவிட்டார்கள், பலாப்பழம் நறுக்கின கைக்கு நாம் செய்வதுபோல.

அன்று நான் பறித்தது எவ்வளவு என்று எடை போட்டார்கள். மூன்று கிலோ. பக்கத்து மரத்தில் நின்ற பெண், வயசு ஐம்பது இருக்கும், அதே நேரத்தில் இரண்டு கூடை நிரப்பியிருந்தாள். யாரும் சிரிக்கவில்லை. அந்த மரியாதைக்கு நன்றி.

பறித்த அன்றே மேல்தோலை இயந்திரத்தில் உரிக்கிறார்கள். பிறகு மூன்று நான்கு நாள் வெயிலில் காய வேண்டும். ஓட்டோடு காய்ந்ததற்கு "தின்யோசெல்லா" என்று பெயர். ஓட்டை உடைத்தால் ஊதாத் தோல், அதையும் உரித்தால் உள்ளே மரகதப் பச்சை. அறுப்புக்காலத்தில் தோப்புகளைச் சுற்றிப் போலீஸ் ரோந்து உண்டு. திருட்டு அத்தனை. 100 கிராம் பருப்புப் பொட்டலத்துக்கு நான் 7 யூரோ கொடுத்தேன். இங்கே யாராவது அலட்டிக்கொண்டால் "நீ என்ன பெரிய பிஸ்தாவா?" என்று கேட்கிறோமே, விலையைப் பார்த்ததும் அந்தச் சொல் எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

மரத்தைப் பரவலாக வளர்த்தவர்கள் அரபுக்காரர்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் தீவைப் பிடித்தவர்கள். ஊர்ப் பேச்சில் பிஸ்தாவுக்கு இன்றும் "ஃபஸ்தூகா", அரபி ஃபுஸ்துக்கின் பேத்தி. நாம் பாரசீகத்திலிருந்து பிஸ்தாவை எடுத்துக்கொண்டோம்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று: ப்ரோன்ட்டே பெயரை ஒட்டி வேறு நாட்டுச் சரக்கை விற்பது நிறைய. உண்மையான பொட்டலத்தில் ஐரோப்பியப் பாதுகாப்புக் குறியான சிவப்பு மஞ்சள் வட்ட முத்திரை இருக்கும். ஐஸ்கிரீம் கிளிப்பச்சையில் பளபளத்தால் அது சாயம். நல்ல பிஸ்தாவை அரைத்தால் பச்சை கொஞ்சம் மங்கி, பாசிப்பயறு மாவு மாதிரி ஆகிவிடும்.

கேள்வி: டிரஃபால்கர் போரில் இறந்த கடற்படைத் தளபதி நெல்சனுக்கு "ப்ரோன்ட்டே பிரபு" என்று பட்டம் இருந்ததாகப் படித்தேன். அதே ஊரா? (வரலாற்று ஆர்வலர், தூத்துக்குடி)

அதே ஊர்தான். நேப்பிள்ஸுக்கும் சிசிலிக்கும் ராஜாவான ஃபெர்டினாண்ட், பிரெஞ்சுக்காரர்களுக்குப் பயந்து ஓடியபோது நெல்சன் கப்பலில் ஏற்றிக் காப்பாற்றினார். அந்த நன்றிக்கு 1799-இல் ராஜா கொடுத்தது இந்த ஊர். கொடுத்தவருக்கு ஊரார் சொந்தமா என்று யாரும் கேட்கவில்லை. நெல்சன் அதற்குப் பிறகு கையெழுத்திலேயே "நெல்சன் அண்ட் ப்ரோன்ட்டே" என்று போட்டார், ஆனால் ஒரு நாள்கூட இங்கே வந்து பார்க்கவில்லை. ஊரிலிருந்து 13 கிலோமீட்டர் தள்ளி மனியாச்சே என்ற பழைய மடாலயம் அவர் வாரிசுகளின் மாளிகையானது. அவர்கள் அதை விற்றது எப்போது தெரியுமா? 1981-இல். பிரபுவின் நிலம் என்ற கதை நம் காலம்வரை ஓடியிருக்கிறது. முற்றத்தில் கறுப்புக் கல்லில் நெல்சனுக்கு ஒரு சிலுவைத் தூண் நிற்கிறது. ஊரிலிருந்து என்னோடு வந்தவர்கள் அதைத் தாண்டி நேரே தோட்டத்துக்குப் போய்விட்டார்கள்.

ஏன் என்று தெரிய வேண்டுமானால் 1860-க்கு வர வேண்டும். இத்தாலியை ஒரே நாடாக்கப் போராடிய கரிபால்டி சிசிலியில் இறங்கி, பொது நிலத்தைப் பிரித்துத் தருவேன் என்று ஆணை போட்டார். பிரபு குடும்பத்திடம் நிலம் இருக்க, கையில் நிலமில்லாத ப்ரோன்ட்டே கூலிக்காரர்கள் காத்துக் காத்துப் பார்த்து ஆகஸ்டில் வெடித்தார்கள். வீடுகள் எரிந்தன, பதினாறு பேரைக் கொன்றார்கள். அதுவும் கொடூரம்தான், மறைக்க வேண்டியதில்லை. அடக்க வந்தவர் கரிபால்டியின் தளபதி நீனோ பிக்சியோ. அவசர விசாரணை, ஆகஸ்ட் 10 அன்று சான் வீத்தோ சர்ச் முன்னால் ஐந்து பேரைச் சுட்டார்கள். ஒருவர் வக்கீல் லொம்பார்தோ, ஏழைகளுக்காகப் பேசியவர், கொலைகளில் அவருக்குப் பங்கில்லை என்று இன்றும் ஊர் சொல்கிறது. இன்னொருவர் நூன்ட்சியோ சிரால்தோ ஃப்ராயூன்கோ, சித்தசுவாதீனம் இல்லாதவர். தகர ஊதலை ஊதிக்கொண்டு தெருவில் திரிந்ததுதான் அவர் குற்றம். முதல் வேட்டில் அவர் மேல் குண்டு படவில்லை. மாதா காப்பாற்றிவிட்டாள் என்று அழுதுகொண்டு ஓடிப்போய்க் காலில் விழுந்தார். அப்படியும் விடவில்லை.

அந்தச் சதுக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். பையன்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். பட்டினிதானா? (குடும்பத் தலைவி, கும்பகோணம்)

பட்டினி இல்லை, ஜாக்கிரதைதான் வேண்டும். "கார்னே இல்லாமல்" என்று சொன்னால் போதும் என்று நினைத்தேன். கார்னே என்றால் இறைச்சி. மூன்றாம் நாள், பிஸ்தா போட்ட அரன்சீனோ என்று ஒரு பொரித்த அரிசி உருண்டை, எட்னா மாதிரியே கூம்பாக, தங்க நிறத்தில் இருந்தது, வாங்கிக் கடித்தால் உள்ளே பன்றி இறைச்சித் துண்டு. கடைக்காரப் பெண்ணிடம் கேட்டேன். "இது கார்னே இல்லையே, ஹாம்தானே!" என்றாள், மனமாரச் சொன்னாள். அங்கே பலருக்கு அது வேறு ஜாதி. ஆகையால் கார்னே, பேஷே, ப்ரொஷூத்தோ மூன்றும் வேண்டாம் என்று தனித்தனியே சொல்லுங்கள். இறைச்சி, மீன், ஹாம். பிஸ்தா பாஸ்தாவிலும் பன்றித் துண்டு தூவுவது வழக்கம்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்கலாம் என்றால் "பாஸ்தா அல்லா நோர்மா". பொரித்த கத்திரிக்காய், தக்காளி, துளசி மாதிரி ஓர் இலை, மேலே துருவிய உப்புப் பாலாடைக்கட்டி. கத்திரிக்காயை இப்படி மதிக்கிற ஊரை எப்படிக் குறை சொல்வது? காலையில் கிரானீத்தா, பாதாமில் செய்த ஐஸ் கூழ், பன்னைப் பிய்த்துத் தோய்த்துச் சாப்பிடுகிறார்கள். காலை ஏழு மணிக்கு ஐஸா என்று முதல் நாள் முகம் சுளித்தேன். இரண்டாம் நாளிலிருந்து நான்தான் முதல் ஆள்.

பருப்புப்பொடி எடுத்துப்போகலாம். நெய் கூடாது, ஐரோப்பாவுக்குள் பால் பொருளும் இறைச்சியும் கொண்டுபோகத் தடை.

சப்பாத்திக்கள்ளிப் பழமும் சாப்பிட்டுப் பாருங்கள். அங்கே அதற்கு "இந்தியாவின் அத்தி" என்று பெயர். கள்ளிக்குச் சொந்த ஊர் மெக்சிகோ. நம் நாட்டுப் பெயரைக் கேட்டதும் கடைக்காரர் எனக்கு இரண்டு பழம் கூடப் போட்டார், நானும் திருத்தவில்லை.

கேள்வி: வணக்கம் அக்கா. நாங்கள் பலெர்மோவில பதினெட்டு வருசமா இருக்கிறம். எட்னாப் பக்கம் ஒருக்காலும் போனதில்லை. பிள்ளையளோட ரெண்டு நாள் போய் வர ஏலுமா? (வாசகி, பலெர்மோ)

கட்டாயம் ஏலும் தங்கச்சி. சிசிலியிலேயே இருந்துகொண்டு நீங்கள் என்னைக் கேட்பதுதான் வேடிக்கை. ஆனால் சென்னையில் இருந்துகொண்டு மகாபலிபுரம் பார்க்காதவர்கள் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். வேலைக்கு வந்த ஊரில் சுற்றிப்பார்க்க நேரம் எங்கே கிடைக்கிறது?

பலெர்மோவில் உங்கள் இலங்கைத் தமிழ் ஆட்கள், மோன்டே பெல்லெக்ரீனோ மலைக் குகையில் இருக்கிற, அந்த நகரத்தின் காவல் புனிதையான சாந்தா ரொசாலியாவிடம், சைவக்காரரும் வேதக்காரரும் சேர்ந்தே போய்க் கும்பிடுவதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். அடுத்த முறை அங்கே வரத்தான் ஆசை.

காரில் கத்தானியா இரண்டரை, மூன்று மணி நேரம். முதல் நாள் ப்ரோன்ட்டே, ரண்டாட்சோ. மறுநாள் கிழக்குப் பக்கம் சாந்தால்ஃபியோ போங்கள். அங்கே "நூறு குதிரை மரம்" என்று ஒரு செஸ்ட்நட் மரம் இருக்கிறது. 1780-இல் அளந்தபோது சுற்றளவு 57.9 மீட்டர். ஓர் ராணி மழைக்கு ஒதுங்கியபோது கூட வந்த நூறு குதிரைவீரர்களும் அடியில் நின்றார்கள் என்று கதை. பிள்ளைகளுக்குக் கோட்டை, சர்ச் எல்லாம் அரை மணியில் அலுத்துவிடும். மரம் அலுக்காது. கறுப்புக் கல்லைப் பை நிறையப் பொறுக்குவார்கள். மலையின் பெரிய பகுதி பாதுகாக்கப்பட்ட பூங்கா, கல் எடுக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

கேள்வி: தனியாகப் பெண் போகலாமா? மொழி? (வங்கி ஊழியர், மதுரை)

போகலாம். ஆங்கிலம் இளசுகளுக்கு அரைகுறை, பெரியவர்களுக்கு இல்லை. "போன்ஜோர்னோ" சொல்லாமல் கடைக்குள் நுழைந்தால் மட்டும் முகம் வாடும். மதியம் ஒன்றிலிருந்து நாலு, நாலரைவரை ஊரே கதவைச் சாத்தும். அந்த நேரத்தில் மருந்துக்கடையைத் தேடி அலையாதீர்கள், நீங்களும் தூங்குங்கள்.

கேள்வி: இவ்வளவு எழுதிவிட்டு எங்களுக்கு ஒரு பிஸ்தாகூட அனுப்பவில்லையே! (வாசகி, விருதுநகர்)

கொண்டுவந்தது 300 கிராம். அக்காவுக்குக் கொஞ்சம், பேரனுக்குக் கொஞ்சம், மீதியை நான் யாருக்கும் காட்டாமல் தினம் நாலாகத் தின்று தீர்த்தேன். டப்பா இருக்கிறது. கடுகு போட்டு வைத்திருக்கிறேன்.